தரிசுன்னா வேஸ்ட்டா?

லாக்டவுனில் சொந்த ஊரில் மாட்டிக்கொண்ட ஆபீஸ்காரன் என்ன ஆவான்? சிலர் தாடி வளர்த்தார்கள். சிலர் மனைவியிடம் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அடியேன் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். சம்பளம் கிடையாது, இரண்டு வேளை காபி மட்டும். அந்தக் காபிக்கு விசுவாசமாக எங்கள் பரம்பரை நிலத்தையே ஒரு வார்த்தையில் பாழாக்கினேன் பாருங்கள்... அந்தக் கதைதான் இது.

2020 ஜூலை. ஊர், குடவாசல். கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் வழியாக வருகிற பஸ்ஸெல்லாம் நின்று போயிருந்த காலம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தென்கிழக்கே சரியாக இரண்டடியில் மட்டும் எனக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே ஸ்டூல் போட்டு, குடை பிடித்து, சென்னை ஆபீஸுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஊரோ கொரோனாவைக்கூட அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. காரணம், அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். குறித்த தேதியில் அணை திறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் குறுவைப் பேச்சுதான்.

ஒரு சாயங்காலம் பெரியப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டர மூடிட்டுக் கொஞ்சம் எறங்கி வாயேன். இங்கிலீஷ்ல ஒரு வெவகாரம் வந்துருக்கு."

இறங்கிப் போனேன். திண்ணையில் ஆறேழு பேர், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கத்தைக் காகிதம். எண்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். சங்கத்துக்காரர் ஒருவர் பிரிண்ட் எடுத்து வந்தது.

மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2020. வரைவு! ஒரு தொழிற்சாலையோ, சுரங்கமோ, எண்ணெய்க் கிணறோ வருவதற்கு முன்னால் அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று யார் பார்க்கணும், யாரைக் கேட்கணும், யாரைக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்கிற விதிகள். பொதுமக்கள் கருத்து சொல்லலாம் என்று போட்டிருந்தது. எந்த மொழியில் இருந்தது? இங்கிலீஷ். இல்லாவிட்டால் இந்தி. அவ்வளவுதான்.

"படிச்சு சொல்லுப்பா. நீதான் நாள் பூரா இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டிருக்கியே..." என்றார் பெரியப்பா.

உண்மைதான். ஆனால் நான் பேசுகிற இங்கிலீஷ் 'ஆம் ஐ ஆடிபிள்?', 'யூ ஆர் ஆன் ம்யூட்' ரகம். அதை வைத்துக்கொண்டு சட்டம் படித்தால்?

தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இந்த விவகாரத்துக்கு மூல அறிவிக்கை 2006-ல் வந்தது. அதிலேயே நாலு கட்டம் உண்டு. முதல் கட்டம் 'ஸ்க்ரீனிங்'.

"சினிமா காட்றாங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லீங்க. எந்தத் திட்டத்துக்கு முழு ஆய்வு வேணும், எதுக்கு வேண்டாம்னு பிரிக்கறது."

"அப்ப சலிக்கறதுன்னு சொல்லேன்" என்றார் பெரியப்பா. "அடுத்தது?"

"ஸ்கோப்பிங். அதாவது... ஆய்வுல எதையெல்லாம் சேத்துக்கணும்னு எல்லை போடறது."

"வரப்பு கட்றது. ம்."

"மூணாவது, மக்கள்கிட்ட கருத்து கேக்கறது. நாலாவது, அப்ரைசல்." இந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் ஏப்ரலில் என்னை உட்காரவைத்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க... ஆனா..." என்று மேனேஜர் ஆரம்பிப்பாரே, அதே அப்ரைசல்! சொன்னேன். திண்ணை சிரித்தது.

அப்புறம்தான் கஷ்டமான இடம் வந்தது. அனுமதி வாங்காமல் வேலையை ஆரம்பித்துவிட்ட திட்டங்களுக்கு, பிறகு அனுமதி கொடுக்க ஒரு வழி. 'போஸ்ட் ஃபேக்டோ' என்பார்கள். 'பின்னேற்பு' என்று சொல்லலாமா, 'பிந்தைய அனுமதி' என்று சொல்லலாமா என்று நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்க, பெரியப்பா ஒரே வரியில் முடித்தார்.

"தாலி கட்டிக் கூட்டிக்கிட்டு வந்தப்புறம் பொண்ணு கேக்க வர்றது!"

இதைவிடத் தெளிவாக எந்த அகராதியிலும் இருக்காது.

கருத்துக் கேட்புக்கு முன்பு முப்பது நாள் அவகாசம் இருந்தது. வரைவில் அது இருபது நாள். இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "இந்தக் கட்டைப் படிக்கவே நமக்கு இருபது நாள் ஆகுமேய்யா" என்றார் துண்டு கட்டிய ஒருவர்.

"சரி, இந்த 'பி-டூ'ங்கிறாங்களே, அது என்ன?"

ரயில் பெட்டி நம்பர் மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டெல்டாக்காரனுக்கு அந்த வருஷத்தில் அதைவிட முக்கியமான வார்த்தை இல்லை. திட்டங்களை ஏ, பி என்று பிரித்து, பி-யை மறுபடி பி-1, பி-2 என்று பிரித்திருந்தார்கள். பி-2-வில் விழுந்தால் பொதுமக்களைக் கேட்க வேண்டியதில்லை. 2020 ஜனவரியில், பூமிக்குள் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளைபோட்டுப் பார்க்கிற வேலையை இந்த பி-2-வுக்கு மாற்றினார்கள். ஓர் எழுத்து, ஓர் எண். அவ்வளவுதான்... ஒரு கிராமம் வாயைத் திறக்கிற உரிமை போச்சு!

அதற்கு அடுத்த மாதமே, பிப்ரவரி 20-ம் தேதி, டெல்டாவைப் 'பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம்' ஆக்கும் சட்டத்தைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. "அதான் மண்டலம் ஆக்கிட்டாங்களே, அப்புறம் எதுக்குப் பயம்?" என்று நான் கேட்டேன். "ஏற்கெனவே நடந்துக்கிட்டிருக்கறத அந்தச் சட்டம் தொடாது தம்பி. அந்த வரி தமிழ்ல இருந்துச்சு. நானே படிச்சேன்" என்றார் பெரியப்பா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் நல்லதுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் இருக்கிறது. வண்டல், படுகை, தலைமடை, கடைமடை, நாற்றங்கால், தாளடி... வம்பு மட்டும் இங்கிலீஷில்தான் வரும். மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல்! 2010-ல் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டருக்கு நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. அந்தத் திட்டத்தில் 'டீவாட்டரிங்' என்று ஒரு வார்த்தை. கேட்டால் மழைத் தண்ணீரை வாளியில் இறைத்துக் கொட்டுகிற மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால், நிலக்கரி அடுக்கில் நிற்கிற தண்ணீரை வருஷக்கணக்கில் உறிஞ்சி வெளியே விட்டால்தான் அழுத்தம் குறைந்து வாயு கிளம்பும். அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் புரிந்த பிறகுதான் ஊர் ஊராக ஜனங்கள் எழுந்தார்கள். அப்படி ஊர் ஊராகப் போய் நல்ல தமிழில் புரியவைத்தவர்களில் ஒருவர் நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30-ம் தேதி பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் அவர் காலமானதும் அந்தப் பிரசாரத்துக்கு நடுவில்தான். 2015-ல் தமிழக அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை போட்டது.

ஆக, வார்த்தை புரிந்தால் ஜனம் பேசும். புரியாவிட்டால்? கையெழுத்து போடும்.

அன்று ராத்திரி என் மச்சினன் போன் செய்தான். அவன் லிதுவேனியாவில், கௌனாஸ் என்கிற ஊரில் படித்துக்கொண்டிருந்தான். (எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். போலந்துக்கு மேலே, லாட்வியாவுக்குக் கீழே. நானும் மேப் பார்த்துத்தான் சொல்கிறேன்.) நடந்ததைச் சொல்லி, "ஆமா, அங்கே சுற்றுச்சூழல் சட்டமெல்லாம் எந்த மொழியில இருக்கும்?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இதென்ன கேள்வி அத்தான்? லிதுவேனிய மொழியிலதான். இங்கே குப்பைத் தொட்டிகூட லிதுவேனிய மொழியிலதான் பேசுது. எதை எதுல போடறதுன்னு தெரியாம நாலு நாள் குப்பையை ரூம்லயே வெச்சிருந்தேன்!"

அந்த நாட்டு ஜனத்தொகையே முப்பது லட்சத்துக்குள்தான். நம்மில் தமிழ் தாய்மொழி என்று 2011 சென்ஸஸில் சொன்னவர்கள் இந்தியாவில் மட்டும் ஆறே முக்கால் கோடிக்கு மேல். ஆனால் 2004-ல் அவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அவர்கள் மொழியும் அங்கே ஆட்சிமொழி ஆகிவிட்டது. ஆற்றுத் தண்ணீரைப் பற்றி ஒன்றியம் 2000-ல் போட்ட சட்டம் முதற்கொண்டு எல்லாம் அவர்கள் மொழியிலும் இருக்கிறது. மொழிக்கென்று அரசு ஆணையம் வைத்திருக்கிறார்கள். கலைச்சொற்களுக்கு ஒரு 'பாங்க்' வைக்க 2003-ல் சட்டமே போட்டார்கள். பணம் போடுகிற பாங்க் இல்லை, வார்த்தை போடுகிற பாங்க்!

சுற்றுச்சூழலுக்கு அவர்கள் வார்த்தை 'அப்லின்கா'. 'அப்லின்க்' என்றால் சுற்றி. அட, நம்ம 'சுற்றுப்புறம்' மாதிரியே! நமக்கு இருக்கிற தலைவலியும் அவர்களுக்கு இருக்கிறது. 'சஸ்டெய்னபிள்' என்பதற்கு அங்கே 'தர்னுஸ்' என்று ஒன்று, 'த்வாருஸ்' என்று இன்னொன்று. நம்மிடம்? நீடித்த, நிலைத்த, பேண்தகு, வளங்குன்றா... எண்ணிக்கையில் நாம்தான் ஜெயிப்போம். 'க்ளைமேட்'டுக்குப் பருவநிலை, காலநிலை, தட்பவெப்பநிலை என்று மூன்று. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மூன்று விதமாக அச்சடித்த மாதிரி!

ஒரு வித்தியாசம். ஜார் காலத்தில், 1864-லிருந்து 1904 வரை, லத்தீன் எழுத்தில் லிதுவேனியப் புத்தகம் அச்சடிக்கவே தடை. பக்கத்து நாட்டில் அச்சடித்து, மூட்டை கட்டி, எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம் ஊரில் தங்கம் கடத்துவார்கள், அவர்கள் புத்தகம் கடத்தியிருக்கிறார்கள். அப்படிக் காப்பாற்றிய மொழியில் சட்டம் இல்லாவிட்டால் சும்மா இருப்பார்களா?

நாமும் சும்மா இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வரைவை எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-ம் தேதி உத்தரவு போட்டது. கருத்து சொல்ல ஆகஸ்ட் 11 வரை கெடுவையும் நீட்டித்தது. சட்டப்படி இந்தியும் இங்கிலீஷும் போதும் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இது அங்கே இழுபடும்போது இங்கே திண்ணையில், எட்டாவது அட்டவணையின் குடவாசல் கிளையாக நான் உட்கார்ந்திருந்தேன்!

மறுநாள் பெரியப்பா ஒரு முடிவோடு வந்தார். "நாமளும் ஒரு மனு போடுவோம். நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுதி அந்த ஈ-மெயிலுக்கு அனுப்பிடு."

சொன்னார். எழுதினேன். எங்களுக்குப் பத்து மா நிலம். குறுவை, தாளடி, இல்லாவிட்டால் சம்பா. அறுவடைக்குப் பிறகு கோடையில் நிலம் தரிசாகக் கிடக்கும்போது உளுந்து, பயறு போடுவோம். அந்தச் சமயத்தில்தான் நிலம் காலியாக இருக்கிறதென்று அளக்க வருவார்கள், துளைபோட வருவார்கள். எங்களைக் கேட்காமல் வரக்கூடாது... இதுதான் சாரம்.

க்ளையன்ட் காலுக்கு நேரமாகிவிட்டது. பரபரவென்று அடித்து, 'சென்ட்' தட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சாயங்காலம் காபி வந்தது. கொண்டு வந்தவள் பெரியப்பாவின் பேத்தி. உள்ளூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படிக்கிற பெண். கையில் என் போன்.

"சித்தப்பா, தாத்தா மனுவைப் படிச்சேன். தரிசுக்கு 'வேஸ்ட் லேண்ட்'னு போட்டிருக்கீங்க. வேஸ்ட் லேண்டுன்னா பாழ் நிலம்தானே?"

"அதனால என்ன? ரெண்டும் ஒண்ணுதானே..."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் பெரியப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

"பாழா? நம்ம நெலத்த பாழ்னா எழுதி அனுப்பிச்சே?"

ஞே என்று விழித்தேன். அவர் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நெல் நின்றுகொண்டிருக்கிற வயலிலேயே, மண் ஈரமாக இருக்கும்போதே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்ததும் உளுந்து தலை தூக்கும். தனியாக உழவு கிடையாது, தண்ணீர் கட்டுவது கிடையாது. மிச்ச ஈரத்திலும் பனியிலும் இரண்டு மாதத்துச் சொச்சத்தில் காய்த்துவிடும். அதன் வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். நெல்லுப் பணம் கடனுக்குப் போகும். வீட்டுக்கு வருகிற காசு உளுந்துக் காசுதான்.

"உன் இன்ஜினியரிங் ஃபீஸு எதுல கட்டுனோம்னு நெனச்சே? அந்தப் பாழ்லதான்."

காபி இறங்கவில்லை.

நான் செய்தது புதுத் தப்பும் இல்லை. வரி கட்டாத நிலத்தையெல்லாம் 'வேஸ்ட்' என்று எழுதியது வெள்ளைக்காரன் பழக்கம். ஊருக்குப் பொதுவான குளக்கரை, மேய்ச்சல் தரை எல்லாம் வரிக்கு வெளியே இருந்ததால் புறம்போக்கு. அந்தத் தமிழ் வார்த்தையை 'பொறம்போக்'காக அவனும் எடுத்துக்கொண்டான். நாமோ அதைத் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டோம்! சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த 'வேஸ்ட்' போகவில்லை. நாட்டிலுள்ள பாழ் நிலங்களுக்கென்று மத்திய அரசு 2000-ல் ஒரு வரைபடத் தொகுப்பே வெளியிட்டது. பாழ் என்று பெயர் வாங்கிய நிலத்தைக் கொடுப்பதற்கு யார் மறுப்பு சொல்வார்கள்? சும்மா கிடக்கிறதுதானே, எடுத்துக்கோ என்பார்கள். எங்களைக் கேட்காமல் வராதே என்று எழுத வேண்டிய மனுவில், வா வா, இங்கே காலி இடம் இருக்கிறது என்று நானே வெற்றிலை பாக்கு வைத்துவிட்டேன்!

"சரி, தரிசுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை இருக்கா, இல்லையா?" என்று கூகுளைத் திறந்தேன்.

"அதுல என்னத்தத் தேடறே? 'ரைஸ் ஃபாலோ'ன்னு போடு" என்றார் பெரியப்பா.

நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்க வராது.

"என்ன பாக்கறே? நெல் தரிசு உளுந்துக்கு 'ரைஸ் ஃபாலோ பல்சஸ்'. வெவசாய ஆபீசர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவாரு. ஆடுதொறை மூணு உளுந்து அதுக்குன்னே வந்த ரகம். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கேட்கவில்லை. அதுதான் விஷயம். இங்கிலீஷ் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். நிலம் தெரிந்தவரிடம் நிலத்துக்கான வார்த்தையைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'மக்களைக் கேட்காமல் முடிவு செய்யாதே' என்ற மனுவையே நான் மக்களைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன்!

இரண்டாவது ஈ-மெயில் போனது. திருத்தம் என்று தலைப்புப் போட்டு, 'முந்தைய கடிதத்தில் பாழ் நிலம் என்று உள்ளதை, நெல்லுக்குப் பின் பயறு விளையும் நிலம் என்று படிக்கவும்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. அதற்குக் கீழே பெரியப்பா சொன்னபடியே தமிழில் முழு மனுவும். "தமிழ்ல அனுப்பினா படிப்பாங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். "அவங்க அனுப்பிச்சத நாம ஆள் வெச்சுப் படிச்சோம்ல? அவங்களும் ஆள் வெச்சுப் படிக்கட்டும்" என்றார். அந்த வரைவுக்கு நாடு முழுக்க லட்சக்கணக்கில் கடிதங்கள் போயின. அதில் இரண்டு எங்கள் வீட்டுக் கடிதம்.

எங்கள் ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை போரில் பிடிபட்டு, குடவாயில் சிறையில் கிடந்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். உடனே கொடுக்கவில்லை. பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கியும் குடிக்காமல் செத்துப்போனான் என்று புறநானூற்றின் 74-ம் பாட்டுக்குக் குறிப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது 'என்ன வீம்பு!' என்று நினைத்தேன். இப்போது கொஞ்சம் புரிகிறது. கேட்டபோது கொடுக்காமல் தாமதமாக வருவது தண்ணீராக இருந்தால் என்ன, தமிழாக இருந்தால் என்ன?

அந்த வாரம் ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் பெரியப்பா. 'ட்ரெயினேஜ்' என்று வந்த இடத்தில் 'சாக்கடை' என்று எழுதப்போய், "நான் குளிக்கற வாய்க்காலு சாக்கடையாடா? வடிகால்னு எழுது" என்று திட்டு வாங்கினேன். 'மிட்டிகேஷன்' என்றால் காலை வெட்டிவிட்டு மஞ்சள் பத்து போடுவது. 'சஸ்டெய்னபிள்' என்றால் விதைநெல்லைக் குத்தித் தின்னாமல் இருப்பது. மச்சினனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இதுக்கு லிதுவேனிய மொழியில வார்த்தையே இருக்காது அத்தான்" என்று பதில் வந்தது.

லாக்டவுன் முடிந்து சென்னைக்கு வந்தாயிற்று. அடுத்த வருஷம் சித்திரையில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது பஸ் கிளம்புகிற நேரத்தில் பெரியப்பா வேகமாக நடந்து வந்தார். ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையைத் திணித்தார். கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன். புது உளுந்து.

"என்ன பெரியப்பா இது?"

"ஒண்ணுமில்ல. ஒன் வேஸ்ட் லேண்டுல வெளஞ்சது. இட்லிக்குப் போடச் சொல்லு!"